மருந்து எடுத்த வியாழக்கிழமை

எங்கள் ஊரில் மருந்தைச் சாப்பிடுவோம், குடிப்போம், தடவுவோம், காட்டில் பயிருக்கு அடிப்போம். பட்டணத்துக்காரர்கள் மாதிரி அதை ‘எடுக்க’ மாட்டோம். பள்ளிபாளையத்தில் மருந்து எடுப்பது என்றால் ஒரே அர்த்தம்தான். யாரோ சோற்றிலோ பலகாரத்திலோ கலந்து நமக்கு வைத்துவிட்ட வசிய மருந்தை, அது தெரிந்த ஆளிடம் போய் வயிற்றிலிருந்து வெளியே எடுத்துப் போட்டுவிட்டு வருவது. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் ஒரே சொல்லால் சொல்லும் இந்த மொழி என் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தது.

என் பிழைப்பு சைக்கிள் ஓட்டுவது. மாதச் சம்பளத்துக்கு ஓட்டுகிறேன் என்றால் இன்னும் எங்கள் தெருவில் பாதிப் பேர் நம்புவதில்லை. சங்ககிரியில் ஒரு லாரிக்காரர், ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனாலும் சம்பளம் உண்டா என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். உண்டு, ஆனால் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள் என்றேன். அது லாரிக்கும் பொருந்தும் என்று ஒத்துக்கொண்டார்.

எங்கள் வீடு மாடியில். கீழே அப்பாவின் தறிக்குடோன், பதினாறு தறி. நான் பிறப்பதற்கு முன்பே அவை ஓட ஆரம்பித்துவிட்டன. பஞ்சுத் தூசி மாடிப்படி ஏறி வரும், ஜன்னல் கம்பியில் உட்காரும், வேளைக்கு வேளை இட்லி மேலேயும் உட்காரும். எட்டு வயதில் எனக்கு மூச்சு இழுப்பு வந்தது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, மாத்திரை எல்லாம் எழுதித் தருகிறேன், ஆனால் வீட்டை மாற்றுவதுதான் வைத்தியம் என்றார். அப்பா “செரிங்க” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. தறியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சைக்கிளில் ஏறி ஊரைத் தாண்டிய ஐந்தாவது கிலோமீட்டரில் நெஞ்சு திறந்துகொள்வதை நான் கண்டுபிடித்தது பதின்மூன்று வயதில். மற்றவர்கள் பதக்கத்துக்காக ஓட்டத் தொடங்கியிருப்பார்கள். நான் மூச்சு விடுவதற்காகத் தொடங்கினேன். பதக்கம் பின்னால் வந்தது, அதன் பின்னால் ஒரு குழு வந்தது, சம்பளம் வந்தது, கூடவே சந்தேகமும் வந்து சேர்ந்தது.

இந்தத் தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு. சீக்காளிகள் இத்தனை பேர் முன்னால் வருகிற வேறு தொழில் எனக்குத் தெரிந்து இல்லை. எங்கள் குழுவில் ஆறு பேர் என்றால் மூன்று பேருக்கு இழுப்பு. பந்தயம் தொடங்குமுன் பார்த்தால் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கும், ஆளுக்கொரு பம்பு. நாங்கள் வாயில் அடித்துக்கொள்ளும் மருந்துக் குப்பிக்கும் பம்பு என்றுதான் பெயர், டயருக்குக் காற்றடிப்பதற்கும் பம்பு என்றுதான் பெயர். ஒருமுறை அவசரத்தில் “பம்பு, பம்பு” என்று கத்தினேன். மெக்கானிக் ஓடிவந்து என் பின் சக்கரத்தை அமுக்கிப் பார்த்தார்.

சட்டம் இதுதான். பம்பை அளவோடு அடித்தால் கேள்வியில்லை. இழுப்பு முற்றி டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால், பந்தய நாளில் அது உடம்பில் இருக்க முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். அதற்குப் பெயர் மருத்துவ விலக்கு. குழாயில் ஊதிக் காட்டி, டாக்டரின் கிறுக்கலை இன்னொரு டாக்டர் தட்டச்சு செய்து, அதை மூன்றாவது டாக்டர் எங்கோ உட்கார்ந்து படித்து, போனால் போகிறது என்று விடுவார்கள். அந்த வருஷம் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்து இழுப்பு முற்றியதால் நான் அப்படி ஒரு விலக்கு வாங்கியிருந்தேன். முறையாக வாங்கியது. அந்த விலக்கோடு தாய்லாந்துப் பக்கம் ஒரு மலைப் பந்தயத்துக்குப் போய் மூன்றாவதாக வந்தேன்.

முப்பதாவதாக வந்திருந்தால் பாவம் சீக்காளி என்றிருப்பார்கள். மூன்றாவதாக வந்ததும் என் படத்துக்குக் கீழே ஒரு பெண், பம்பு அடித்தால் நானும் ஏறுவேன் என்று எழுதினாள். நாற்பது பேர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் நானும் யோக்கியமில்லை. எனக்கு முன்னால் வந்த இரண்டு பேரும் மேடையில் நின்றபோது, இவர்களுக்கு என்ன சீக்காக இருக்கும் என்று கண்களையும் கழுத்தையும் உற்றுப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

என்னைச் சந்தேகப்பட்டவர்களில் முதல் ஆள் அத்தை. அப்பாவின் அக்கா, அடுத்த வீடு. அத்தையின் சந்தேகம் வேறு ரகம். காலை ஐந்து மணிக்கு எழுந்து, யாரும் துரத்தாமலே சங்ககிரி வரைக்கும் போய், அங்கே ஒரு காரியமும் இல்லாமல் திரும்பி வருகிற பெண்ணுக்கு யாரோ மருந்து வைத்திருக்க வேண்டும். இதற்கு மேல் ஆதாரம் வேண்டுமென்றால், நாமக்கல்லில் முட்டைப் பண்ணை வைத்திருக்கும் மாப்பிள்ளையையும் சேர்த்து மூன்று மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றிருக்கிறேன். வைத்தது யார் என்பதில் மட்டும் அத்தைக்குக் குழப்பம். கோச் மேல் கொஞ்ச நாள் சந்தேகம் இருந்தது. அவருக்கு அறுபது வயது என்று தெரிந்ததும் அது எதிர்வீட்டுக்கு மாறியது.

மூன்றாவது இடம் வாங்கி ஊர் திரும்பிய வாரம் அத்தையோடு ஒரு பேரம் பேசினேன். ஒரே ஒரு முறை வந்து மருந்து எடுத்துக்கொள்கிறேன், பதிலுக்கு மூன்று வருஷம் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது. அத்தை ஐந்து நிமிஷம் யோசித்து இரண்டு வருஷத்துக்குச் சம்மதித்தாள். என் வாழ்க்கையில் ஒரு படிவமும் நிரப்பாமல் நான் வாங்கிய ஒரே மருத்துவ விலக்கு அது.

மருந்து எடுப்பவர் குமாரபாளையத்தில் பாலத்துக்குப் போகிற வழியில் இருந்தார். ஐம்பது வயது, முன்பு தறி ஓட்டியவர், சுத்தமான வெள்ளை வேட்டி. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்களுக்கு முன்னால் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வந்ததும் பச்சையாக ஒரு டம்ளர் சாறு கொடுத்தார். குடித்தேன். தொப்புளுக்கு மேலே ஒரு பித்தளைக் குழாயை வைத்துக் கன்னம் குழிய உறிஞ்சினார். பிறகு தண்ணீர்க் கிண்ணத்தில் எதையோ துப்பினார். மஞ்சள் பூசிய சின்ன உருண்டை ஒன்று மிதந்தது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வழக்கமாக அதை ஆற்றில் போட்டுவிட வேண்டுமாம். எங்கள் அத்தை, வைத்த ஆளைக் கண்டுபிடிக்கத் தேவைப்படும் என்று ஒரு காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் இரண்டு வருஷக் கனவில் மிதந்தபடி வீடு வந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். ஊக்கமருந்துச் சோதனைக்காரர்கள் இரண்டு பேர், சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மாளும் அவருக்குத் துணையாக ஓர் ஆளும். நாங்கள் எந்த நேரம் எந்த ஊரில் இருப்போம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், அவர்கள் சொல்லாமல் வருவார்கள். வந்தால் அவர்கள் கண் முன்னாலேயே குப்பியில் சிறுநீர் பிடித்துக் கொடுக்க வேண்டும். அந்த அம்மாள் என்னோடு பாத்ரூமுக்குள் நுழைந்ததைப் பார்த்துவிட்டு அத்தை தன் வீட்டிலிருந்து ஓடி வந்தாள். அது அரசாங்க விஷயம் மாதிரி என்று அப்பா சமாதானம் சொன்னார்.

குப்பிகளை மூடி முத்திரை வைத்தாயிற்று. எல்லோருக்கும் காபி வந்தது. கடைசியாகப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. கடந்த ஏழு நாளில் என்னென்ன மருந்து என்று. பம்பு என்றேன், எத்தனை முறை என்பதையும் சொன்னேன், எழுதிக்கொண்டார். வேறு எதுவும் இல்லையே என்று அவர் பேனாவை மூடப் போனார். அத்தை என் தோளைத் தொட்டாள்.

“எல்லாத்தையுஞ் சொல்லிப்போடு அம்மிணி. போன வெசாழக்கெழம மருந்து எடுத்தமல்ல, அதச் சொல்லு.”

பேனா மறுபடியும் திறந்தது. என்ன மருந்து எடுத்தார்கள் என்று அந்த அம்மாள் அமைதியாகக் கேட்டார்.

“அது ஆருக்குங்க தெரியும்? வெச்சவங்களுக்குத்தான் தெரியும்.”

“யார் கொடுத்தாங்க?”

“அதத்தானுங்க நாங்களும் தேடிட்டிருக்கறோம்.”

“எவ்வளவு எடுத்தாங்க?”

அத்தை கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினாள். “இத்தனூண்டு. கோலிக்குண்டாட்ட.”

நான் அப்போதே சொல்லித் தடுத்திருக்க வேண்டும். சிரிப்பு முந்திக்கொண்டது. சிரித்தால் எனக்கு இழுப்பு வரும், வந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தபோது அத்தை பொறுப்பாக எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரே தடவைதானா என்றதற்கு, முழுசாக எடுக்க வேண்டுமென்றால் மூன்று தடவை வரச் சொல்லியிருக்கிறார் என்றாள். வீட்டில் வேறு யாராவது இப்படி என்று அந்த அம்மாள் இழுத்தார்.

“எங்க குடும்பத்துல எல்லாருமே எடுத்தவங்கதானுங்க. இவங்கப்பனுக்கே கண்ணாலத்துக்கு முன்னால எடுத்திருக்கறோம்.”

அப்பா காபி டம்ளரோடு கீழே தறிக்குடோனுக்கு இறங்கிப் போய்விட்டார். நான் பம்பை எடுத்து அந்த அம்மாள் முகத்துக்கு நேராக இரண்டு முறை அடித்துக்கொண்டு, மூச்சு வந்ததும் விளக்கம் சொன்னேன். உள்ளே எடுக்கவில்லை, வெளியே எடுத்தோம் என்றேன். முன்னால் ஏதாவது குடிக்கக் கொடுத்தார்களா என்று கேட்டார். நான் பொய் சொல்லியிருக்கலாம். பச்சையாக ஒரு சாறு என்றேன். அதில் என்ன இருந்தது? தெரியாது. அவர் மரியாதையானவர்தான். நீங்கள் சொன்னதையும் எழுதிக்கொள்கிறேன், அவர்கள் சொன்னதையும் எழுதிக்கொள்கிறேன் என்று இரண்டையும் எழுதிக்கொண்டு, காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. பெயர் தெரியாத பொருள் ஒன்றை உட்கொண்டதாக ஒத்துக்கொண்டிருக்கிறேனாம். அது என்ன என்று தெரியும் வரை என் மருத்துவ விலக்கையும் மறுபடி பார்ப்பார்களாம். குழுவின் மேனேஜர் போனில் பேசினார். உன்னை நம்புகிறோம், ஆனால் இது தீரும் வரை ஓட்ட வேண்டாம், அடுத்த மாதப் பந்தயத்துக்கு வேறு ஆளைப் பார்க்கிறோம் என்றார். குரலில் நம்பிக்கை இல்லை. இழுப்புக்காரி, மாத்திரைக்காரி, இப்போது சாறுக்காரி. வருஷக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. யார் புதுப்பிப்பார்கள்?

அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயந்துபோனேன். குழு போனால் பணம் போகும் என்பதல்ல. குழு போனால் நான் இந்த மாடிக்குத் திரும்பி வர வேண்டும், பதினாறு தறிக்கு மேலே படுத்துக்கொண்டு, மூச்சை எண்ணிக்கொண்டு. அதை நினைத்துக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அத்தைக்குக் கேட்டிருக்கிறது. மிச்ச மருந்தையும் எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று வெளியே நின்று ஆறுதல் சொன்னாள்.

மறுநாள் தனியாகக் குமாரபாளையம் போனேன். கூட்டம் கலையும் வரை காத்திருந்தேன். கடிதத்தைக் காட்டி, சாற்றில் என்ன இருந்தது என்று கேட்டேன். அது தொழில் ரகசியம் என்றார். என் வேலை போகிறது என்றேன். அது எந்த வேலை என்று கேட்டார், சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“கொத்துமல்லித் தழயும் உப்புந்தானுங்க அம்மிணி. ரசத்துக்குப் போடறதுதான்.”

உருண்டை என்றேன். அதையும் கேட்பார்கள், என் வயிற்றிலிருந்து வந்தது என்றால் அது எப்படி உள்ளே போனது என்று கேட்பார்கள் என்றேன்.

“அது உங்க வயித்துல இல்லீங்க. என்ற கடவாய்ல இருந்ததுங்க.”

எதில் செய்தது என்று கேட்டேன். அவருக்கு இப்போது வெட்கம் போய்த் தொழில்காரரின் பெருமை வந்துவிட்டது. கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் வெற்றிலைச் சாறு, உள்ளே நூல் வேஸ்ட். அது ஈரத்தில் பிரியாதாம், வாயில் ருசியும் தெரியாதாம். அதற்கு எங்கே போவீர்கள் என்றேன்.

“உங்க தெருவுக்குத்தானுங்க. வேலி முள்ளு பூராம் நூலும் பஞ்சுமாத் தொங்குதல்லங்க. அந்தப் பக்கம் போனா ஒரு கை அள்ளிட்டு வந்துருவனுங்க.”

இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா என்று கேட்க எனக்கே வாய் கூசியது. அந்தக் காகிதம் வெளியே தெரிந்தால் மறுநாள் அவர் வாசலில் ஒரு செருப்பு கிடக்காது. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தமிழில் எழுதக் கூடாது, இங்கிலீஷில் எழுத வேண்டும், அப்போதுதான் நம் ஊரில் யாரும் படிக்க மாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டு, தலையாட்டி, கடைசியில் இதுவரை ஒருவருக்கும் கெடுதல் வந்ததில்லை என்பதையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். அதற்குக் கீழே தமிழில் அழகாகக் கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பும் குத்தினார். வழக்கமாகத் தாமே தரும் சான்றிதழ் ஒன்றும் கூடவே தந்தார். இவர் உள்ளே இப்போது மருந்து எதுவும் இல்லை என்று அதில் இருந்தது. என் கோப்பில் அத்தனை டாக்டர்களின் காகிதம் இருந்தும், அப்படி அடித்துச் சொன்னது அது ஒன்றுதான்.

விசாரணை வீடியோவில் நடந்தது. மூன்று பேர், அதில் ஒருவர் டாக்டர். இரண்டு காகிதங்களையும் படித்தேன். உருண்டை இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். முந்தின நாளே அத்தையின் பீரோவிலிருந்து, காதுத் தோட்டுக்குப் பக்கத்திலிருந்து, அதை வாங்கி வைத்திருந்தேன். கேமராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டினேன். நம்பிக்கை இல்லாத நீங்கள் ஏன் அங்கே போனீர்கள் என்று தலைவர் கேட்டார். கல்யாணப் பேச்சிலிருந்து இரண்டு வருஷம் விலக்கு வாங்க என்று உள்ளதைச் சொன்னேன். டாக்டர் தன் ஒலிவாங்கியை அணைத்துவிட்டார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

முடிவு ஒரு வாரத்தில் வந்தது. சிறுநீரில் ஒன்றுமில்லை, என் மேல் குற்றமில்லை, விலக்கு செல்லும், இனிமேல் தெரியாத ஆள் கொடுக்கும் தழைச் சாற்றைக் குடிக்க வேண்டாம். மேனேஜர் டிக்கெட் அனுப்பினார், குரலில் நம்பிக்கையும் கூடவே வந்திருந்தது. படத்துக்குக் கீழே எழுதிய பெண் அதை அழிக்கவில்லை. பார்த்துக்கொள்ளலாம், அடுத்த மலை இருக்கிறது.

கிளம்புகிற நாள் காலையில் கரண்ட் இல்லை. தறிகள் நின்றிருந்தன. அப்பா ஒரு தறிக்குப் பக்கத்தில் குந்தி எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லிக்கொண்டு போக இறங்கி வந்தேன், அத்தையும் பின்னாலேயே வந்தாள். உருண்டையைத் திருப்பிக் கேட்டாள். கொடுப்பதற்கு முன் நகத்தால் மஞ்சளைச் சுரண்டிப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளைப் பஞ்சும், கருநீல நூல் துண்டுகளும் இருந்தன.

ஊரில் யாருக்கும் தெரியாது என்று குமாரபாளையத்துக்காரருக்கு வாக்குக் கொடுத்திருந்ததால் அத்தையிடம் எதுவும் சொல்லக் கூடாது. ஆனால் அத்தை விடுகிற ஆள் இல்லை.

“வெச்சது ஆருன்னு தெரிஞ்சுதா அம்மிணி?”

எனக்கு நாக்கில் சனி. அத்தையைச் சீண்டாமல் ஊருக்குப் போனால் போன மாதிரி இருக்காது.

“உங்க தம்பிதானுங்க அத்தை” என்றேன்.

அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்பா எண்ணெய்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். உருண்டையை அவர் உள்ளங்கையில் வைத்தேன். புது நூல் வந்தால் பார்ப்பாரே, அதே மாதிரி ஓர் இழையை உருவி, இரண்டு விரலுக்கு நடுவே உருட்டி, முறுக்கைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நாப்பதாம் நம்பரு நூலு” என்றார். “நம்முளுதுதான் சாமி.”

அத்தை சிரிப்பதை நிறுத்தினாள்.